முழங்கால் அளவு

வானொலியில் ஒரு வேண்டுகோள்.
போருக்கு முன் கடற்கரையில் எடுத்த படங்கள் இருந்தால்
அனுப்பி வையுங்கள். எந்தக் கரையானாலும் சரி.
எதற்கென்று சொல்லவில்லை.

சாக்குச் சாக்காய் வந்து இறங்கின.
லண்டனில் ஒரு மூன்றாம் மாடி, ஜன்னல்களில் கறுப்புத் துணி,
உள்ளே மேசை முழுக்க
நனைந்த உடையில் சிரித்துக்கொண்டிருந்தார்கள் ஜனங்கள்.

எனிட் பாஸ்கோவுக்கு முகங்கள் வேண்டாம்.
கட்டைவிரலால் முகத்தை மறைத்துக்கொண்டு மீதியைப் பார்ப்பாள்.
குழந்தை வண்டியின் சக்கரம் மணலில் எவ்வளவு புதைந்திருக்கிறது?
(லாரி போகும்.)
ஐஸ்கிரீம் கடைக்குப் பக்கத்துச் சந்து எத்தனை அடி?
(டாங்கி போகாது. சுவரை இடித்தால் போகும்.)
கடல்மதிலில் சாய்ந்து இருவர் முத்தமிடுகிறார்கள்:
மதில், முத்தத்துக்கு மேல் இரண்டு வரிசைக் கல்.
வீட்டுக்குப் போகும் வழியில்
யாரோ மழைக்குட்டையில் கால் வைத்தாலும்
அவளுக்குள் ஒரு அளவுகோல் நிமிரும்.

ஒரு படம்.
கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு ஒரு ஆள் கடலுக்குள்.
தண்ணீர் சரியாக முழங்காலில்.
பின்புறம் பென்சிலில்:
"ஆகஸ்ட் 9, 1934. பகல் இரண்டரை. ஆம்ப்ரோஸ்.
தண்ணீர் பனிக்கட்டி. சிரிப்பு பொய்."

இரண்டரை என்றது நல்லதாயிற்று.
ஓத அட்டவணையைப் புரட்டினாள், தூரம் கிடைத்தது.
ஆழத்துக்கு முழங்காலின் உயரம் வேண்டும்.
அதற்கு ஆளின் உயரம்.
ஹல் நகரத்துக்கு ஒரே கேள்வியோடு படிவம் போயிற்று.

திருமதி டோர்கஸ் மிட்ஜ்லி எழுதினாள்:
ஐந்தடி ஏழு அங்குலம்.
மார்ச்சில் கப்பலோடு போய்விட்டார்.
வேலை முடிந்ததும் படத்தைத் திருப்பித் தரவும்.

கேட்டதற்குப் பதில்.
கேட்காததை எழுத, படிவத்தில் இடமில்லை.

அதே கரையின் இன்னொரு படத்தில்
ஒரு பையனுக்கு மார்பு வரை தண்ணீர்.
நிற்கிறானா, உட்கார்ந்திருக்கிறானா?
பூதக்கண்ணாடியும் கையுமாக ஒரு மாலை முழுக்கப் பார்த்தாள்.
கடல் வாய் திறக்கவில்லை.
"முழங்கால் அளவு. தொடை வரையும் இருக்கலாமோ?"
கேள்விக்குறியை இரண்டு தரம் அழுத்தி எழுதினாள்.

தட்டச்சில் அது "முழங்கால் அளவு (?)".
அடுத்த மாடியில், சுருக்க அறிக்கையில்,
"உத்தேசமாக முழங்கால் அளவு".
அதற்கும் மேலே வரைபடம். எழுத இடம் சின்னது.
"முழங்கால்."

நம் மொழியில் வேவுக்கும் ஒற்று என்று பெயர்,
மெய்யெழுத்துக்கும் ஒற்று என்று பெயர்.
அரை மாத்திரை. தலையில் ஒரு புள்ளி.
புள்ளி உதிர்ந்துவிட்டால்
அதே எழுத்து முழுசாய் ஒலிக்கும்,
சந்தேகமே அறியாத குரலில்.

முதுகில் அறுபது ராத்தல் சுமையோடு
இறங்கியவர்களுக்கு எதுவரை நனைந்தது
என்பது அந்தக் கோப்பில் இல்லை.
வேறு கோப்பு. வேறு மாடி.

போர் முடிந்த மறு வருஷம்
நன்றிச் சீட்டோடு படம் திரும்பி வந்தது.
ஆம்ப்ரோஸின் முழங்காலுக்குக் குறுக்கே மெல்லிய கோடு,
ஓரத்தில், 1 அடி 7.
டோர்கஸ் ரப்பரை எடுத்தாள்.
கோட்டோடு கொஞ்சம் காலும் அழிந்தது.
நிறுத்திக்கொண்டாள்.

எதற்கு அளந்தார்கள் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.
அவளுக்குத் தெரிந்தது வேறு.
அவருக்கு நீச்சல் வராது.
அன்றைக்குத் தண்ணீர் இடுப்பைத் தொட்டதும் முகம் வெளுத்து,
காலால் துழாவித் துழாவி,
அடியில் ஒரு பாறையைக் கண்டுபிடித்து, ஏறி நின்றார்.
ம், இப்போ எடு, என்றார்.
எடுத்தாள்.