சதாக்லோவில் நாற்பது நிமிடம்

காலை ஏழுக்கு திபிலிசி ரயில் நிலையத்தின் பின்வாசலில்
வண்டியை நிறுத்துகிறேன்.
இன்றைக்கு மூன்று பேர், ஒரு கைக்குழந்தை.
டச்சுக்காரன் யோஸ்டின் தாடியில் இன்னும் பற்பசை.
மற்ற இருவர் பிரேசில்.
குழந்தைக்கும் பாஸ்போர்ட் உண்டு,
படத்தில் அது கண்ணை மூடியிருக்கிறது.

இவர்களுக்கு எங்கள் நாட்டில் ஒரு முழு வருடம்.
விசா வேண்டாம், மனு வேண்டாம்,
ஏன் வந்தாய் என்று கேட்பாரும் இல்லை.
வருடம் தீரப்போகும் வாரத்தில் என்னை அழைப்பார்கள்.
எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு காலை வைத்து எடுத்தால்
அநேகமாக, மறுபடி ஒன்றாம் நாள்.

மார்னேவுலி தாண்டியதும்
சாலையின் இரு பக்கமும் சோப்புத்தூள்.
மூட்டை மூட்டையாக, நீலம், பச்சை, ஆரஞ்சு,
வெயிலில் அடுக்கிவைத்த மலைகள்.
எந்த நாட்டில் இவ்வளவு அழுக்கு என்கிறான் யோஸ்ட்.
லாரிக்காரர்கள் வாங்கிப்போகிறார்கள் என்கிறேன்.
அவன் படம் எடுக்கிறான். எல்லோரும் எடுப்பார்கள்.

சதாக்லோ. கூண்டுக்குள் எத்தேரி.
என் முகத்தைப் பார்க்காமலே முத்திரை குத்துவாள்,
அவ்வளவு பழக்கம்.
தெபெத் ஆற்றுப் பாலம்.
அந்தப் பக்கம் இன்னொரு கூண்டு, இன்னொரு முத்திரை,
அப்புறம் அர்ஷலுய்ஸின் கடையில் மண்டியோடு காப்பி.
காப்பி ஆறுவதற்குள் ஆர்மேனியப் பயணம் முடிந்தது.
திரும்பி வரிசையில் நிற்கிறோம்.
நாற்பது நிமிடத்தில் ஒரு வருடம்.
குழந்தை இடையில் எழுந்திருக்கவே இல்லை.

லமாரா பாரி நகருக்குப் போனபோது
அவளுக்கும் விசா வேண்டியிருக்கவில்லை.
ஐரோப்பா எங்களுக்கும் கதவைத் திறந்துவிட்டது என்று
தெருவே கூடிக் குடித்த காலம்.
நூற்றெண்பது நாளில் தொண்ணூறு.
திரும்பிவர டிக்கெட், ஓட்டல் முன்பதிவு,
கேட்டால் காட்ட ஐந்நூறு யூரோ.
அதில் முந்நூறு பக்கத்து வீட்டு குராமுடையது.
விமானம் இறங்கியதும் ஓட்டலை ரத்து செய்தாள்.
குராமின் பணம் ஒரு வாரத்தில் வந்துவிட்டது.

அடுக்களை நாட்காட்டியில்
நாளுக்கு ஒரு கோடு போட்டுக்கொண்டிருந்தேன்.
தொண்ணூற்றோராம் நாள் கூப்பிட்டாள்.
"இன்றைக்கு நான் டூரிஸ்ட் இல்லை" என்று சிரித்தாள்.
அவள் பார்த்துக்கொள்ளும் சின்யோரா
பின்னால் தண்ணீர் கேட்பது கேட்டது.
நான் கோடு போடுவதை நிறுத்தவில்லை.
டிசம்பர் தீர்ந்தது, நாட்காட்டி தீர்ந்தது.

ஆறு வருடம்.
வெளியே ஒரு காலை வைத்தால்
அந்தக் கால் வெளியேதான்.
எங்கள் ஒதாரியின் கல்யாணத்தில்
போனை ஒயின் ஜாடியில் சாய்த்து
அவளுடைய நாற்காலிக்கு எதிரே வைத்தோம்.
நல்ல உடை, தோடு, உதட்டுச்சாயம்,
பின்னால் சின்யோராவின் மருந்து அலமாரி.
அம்மாக்களுக்கான கோப்பையை உயர்த்தும் முன்பே
பேட்டரி போய்விட்டது.
சார்ஜர் தேடி ஓடியவன் நான்.
கோப்பை எனக்காகக் காத்திருக்கவில்லை.

"நீங்கள் கொடுத்துவைத்தவர்" என்கிறான் யோஸ்ட்,
"மாதம் பத்து முறை வெளிநாடு."
உண்மைதான்.
என் பாஸ்போர்ட்டில் பக்கமே இல்லை.
வெளியே, உள்ளே, வெளியே, உள்ளே,
இவர்களுக்கு விழும் அதே மை.
எனக்கு அது எதையும் புதுப்பிப்பதில்லை,
டீசல் கணக்குக்குத்தான் ஆகும்.

திரும்பும்போது சோப்புத்தூள் கடையில் நிறுத்தினேன்.
வீட்டில் தீர்ந்துவிட்டது.
நீலத்திலேயே நாலு வகை,
எல்லாவற்றிலும் ஒரே மாதிரி மலை, ஒரே மாதிரி வெள்ளைச் சட்டை.
படம் எடுத்து பாரிக்கு அனுப்பினேன்.
பிரேசில்காரி குழந்தைக்குப் பால் கொடுத்தாள்,
யோஸ்ட் தன் புதிய முத்திரையின் தேதியை
இரண்டு முறை சரிபார்த்தான்.
பதில் வரவில்லை. ஏதோ ஒன்றை எடுத்தேன்.

இரவு பதினொன்றரைக்கு,
சின்யோரா தூங்கியபிறகு,
ஒரு வரி வந்தது:
இது இல்லை. மற்றது.