இடம் வலம்

கல்லுக்கட்டியில் என் கடை.
கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி,
ஜெராக்ஸ் பக்கத்துக்கு இரண்டு ரூபாய்.
அங்கேதான் வந்தார் ஹிசாயோ நுமகுரா,
அறுபத்தெட்டு வயது, ஆம்பளைச் சட்டை,
பேச்சுக்கு மதுரையிலிருந்து ஒரு பையன்.

முப்பது வருஷம் சோப்பு உறைக்குப் பூ வரைந்தாராம்.
ஒருநாள் பூவை விட்டுவிட்டு
சோப்புப் போடும் கைகளை வரைந்தாராம்.
வேலை போயிற்று.
பிறகு பதினோரு படப்புத்தகம்.
எதிலும் ராஜா இல்லை, பேசுகிற நரி இல்லை.
குடையைத் தொலைத்தவர், பல் வலிக்காரர்,
பஸ் வருமா என்று எட்டிப் பார்ப்பவர்.

பன்னிரண்டாவதில் நம்ம பக்கம்.
செட்டிநாடு ஸ்டேஷனுக்கு
தூக்குவாளியோடு நடக்கிறாள் ஒருத்தி.
அவ்வளவுதான் கதை.
"பெரிய வீடுகளைக் காணோமே?" என்றேன்.
கருவேலங்காட்டுக்குப் பின்னால் விரல் வைத்தார்:
நகத்தளவு ஒரு கோபுர மாடம்.

அவர்கள் புத்தகம் வலமிருந்து திறக்கும்.
தமிழில் அப்படியே போட்டால்
நடப்பவள் வந்த வழியே போவாள்.
"ஃபிளிப் பண்ணினால் ஒரு நிமிஷம்" என்று
பண்ணியும் காட்டினேன்.

வலது தோளில் முந்தானை,
சேட்டு வீட்டு மருமகள் மாதிரி.
மூக்குத்தி இடம் மாறியிருந்தது.
ஸ்டேஷன் பலகை
எந்த ஊர் என்று எனக்கே தெரியவில்லை.

"முந்தானையை மட்டும் ஒட்டித் தரவா?
யார் பார்க்கப் போகிறார்கள்?"
பையன் அதை மொழிபெயர்க்கவில்லை.
அவர் என் மூக்கையே
பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் லேமினேஷன் மெஷினை ஓரம் தள்ளி
உட்கார்ந்தார். பத்தொன்பது நாள்.
கரண்ட் போனால் வாசலில்,
ஆட்டோக்காரர்கள் தோளுக்கு மேல் எட்டிப் பார்க்க.
இடமிருந்து வலம் நடத்தினார்.
வாளி கை மாறியது.
நிழல் அந்தப் பக்கம் விழுந்ததால்
காலை ரயிலை மாலை ரயிலாக்கினார்.
விளக்கு ஒன்று கூடுதலாய் வந்தது,
காக்கைகள் மரத்துக்குப் போயின.

அவர்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு
அவள் காலையில் கிளம்புகிறாள்.
நம் பிள்ளைகளுக்கு
வேலை முடிந்து போகிறாள்.
வாளிக்குள் என்ன என்று
இரண்டு புத்தகத்திலும் இல்லை.
கேட்டேன். பையனும் கேட்டான்.
"இன்னும் மூடியைத் திறக்கவில்லை" என்றாராம்.

பில் எழுநூற்று நாற்பது.
சில்லறை சரியாக எண்ணிக் கொடுத்தார்.
கடைசிப் பக்கத்துக்கு என் பெயர் கேட்டார்.
அலமேலு என்றேன்.
தானே எழுதிக் காட்டினார், நாக்கில் வந்தபடி.
திருத்தக் கை போனது.
பக்க வடிவமைப்பு: அரமேரு
என்றே அச்சுக்கு அனுப்பிவிட்டேன்.