ஒரே தட்டில் அடங்க

பகாவில் எட்டு மணிக்கே கடைகளைச் சாத்திவிடுவார்கள்.
அதன்பின் செம்பனை லாரிகள்தான்.
நான் ஷட்டரைப் பாதி இறக்கி
ஒரு கல்யாணத்தைத் தட்டில் அடக்கிக்கொண்டிருந்தேன்.

மூன்று மணி நேரம். நாலரை ஜிகாபைட்.
ஒலியைச் சுருக்காமல் விட்டால்
கூறைச் சிவப்பு கட்டம் கட்டமாக உடைகிறது.
நூற்றுத் தொண்ணூற்றிரண்டு கிலோபிட்டுக்கு இறக்கினால்
சேலை பிழைக்கிறது,
தோட்ட மண்டபத்துத் தகரத்தில் பெய்த மழை
அப்பளம் பொரிகிற சத்தமாகிறது.

"மழை கெடக்கட்டும், தலைவர் பேச்சு கேட்டா போதும்"
என்றார் பெண்ணின் அப்பா வீரப்பெருமாள்.
அறுபது தட்டு. ஒன்று மூன்று வெள்ளி என்றதை
இரண்டரைக்குப் பேசி முடித்துவிட்டுப் போனார்.

மறுநாள் சரஸ்பதி வந்தாள்.
நகத்தில் இன்னும் மருதாணி.
ஹெட்போனை மாட்டிக்கொண்டு
சுருக்காததைக் கேட்டாள்.
தலைவர் ஒற்றுமை பற்றிப் பேசுகிறார்,
மழை,
அதற்கும் பின்னால், பந்தியிலிருந்து ஒரு குரல்:
"அந்த வேன் டிரைவர் தம்பிக்கு இன்னும் எலை போடலியே!"

மறுபடி ஓட்டச் சொன்னாள். மறுபடி.
சுருக்கியதிலும் தேடினோம்.
காதுக்குத் தேவையில்லை என்று
கணினி கழித்த கணக்கில்
அப்பாவும் போயிருந்தார்.

அறுபதும் நூற்றுத் தொண்ணூற்றிரண்டிலேயே போயின.
அறுபத்தொன்றாவதில்
அந்தப் பதினெட்டு நிமிடம் மட்டும்,
ஆயிரத்து ஐந்நூற்று முப்பத்தாறில்.
உறையில் என்ன எழுத என்றேன்.
"பந்தி" என்றாள்.
மேசையில் சரியாக
இரண்டரை வெள்ளி எண்ணி வைத்தாள்.