நூறு வரை

றிஸ்மினாவின் இடது முழங்கை மடிப்பில்
மூன்று தடவை பிழைத்தேன்.
ஊசிக்கு முன்னால் நாளம் வழுக்கி ஒதுங்கியது,
கிண்ணியாப் பாலத்தில் எதிரே பஸ் வந்தால்
சைக்கிள்காரன் ஒதுங்குகிற மாதிரி.
நாலாவதுக்கு அவளே மற்றக் கையை நீட்டினாள்:
"இதுவும் போனா காலில தேடு."
அன்றைக்கு அவளுக்குத் தோல் கறுத்தது,
எனக்கு முகம்.

ஆய்வுகூடம் ஆஸ்பத்திரியின் பின்பக்கம்.
உப்புக்காற்றில் துருவேறிய ஒற்றை ஜன்னல்,
அதற்குள் கடலில் ஒரு துண்டு,
ஒரு மாதிரிக் குழாயளவு.
காலை ஆறரைக்கு வரிசை தொடங்கும்.
தேத்தண்ணி குடித்துவிட்டு
"வெறும் வயிறுதான் மிஸ்" என்பவர்களை
பத்து மணிக்குச் சீனி காட்டிக்கொடுக்கும்.
தம்பலகாமத்திலிருந்து ஒருவர்
ஜாம் போத்தலில் சிறுநீர் கொண்டுவந்தார்.
"நல்லாக் கழுவித்தான் பிள்ளை."
கழுவியதுதான். அடியில் இன்னும்
அன்னாசி வாசம்.

மகள் ஆஸ்பத்திரியில் என்று
அம்மா அயலுக்குச் சொல்லுவா.
என்னவாக என்று கேட்டால்
மீன்விலைக்குப் பேச்சை மாற்றுவா.

லீஷ்மன் சாயம் நகக்கண்ணில் ஊறி
சோற்றிலும் ஊதா தெரிந்த மாதங்கள்.
நூறு வெண்குழியம் எண்ணவேண்டும்,
வகை பிரித்து, ஒன்றையும் இரண்டுதரம் எண்ணாமல்.
வரம்பில் உழுகிறவனைப்போல
கண்ணாடித்துண்டில் போய்த் திரும்பி, போய்த் திரும்பி.
தில்ருக்ஷி மிஸ் பின்னால் வந்து
தானும் நூறு எண்ணுவா.
இரண்டு கணக்கும் ஒத்துவராவிட்டால்
ஒன்றும் சொல்லாமல் கதிரையை இழுத்துத் தருவா.
அந்தக் கதிரைச் சத்தம்தான் எங்களுக்குப் பயம்.

மார்கழி மழை. டெங்குக் காலம்.
இரவு இரண்டு பத்துக்கு ஓர் ஊதா மூடிக் குழாய்:
கட்டில் பதினாலு, ஆண், நாற்பத்தொன்று.
சிறுதட்டுகள் பதினோராயிரம் என்றது இயந்திரம்.
வாட்டிலிருந்து போன் வந்தது,
இரத்த வங்கிக்குச் சொல்லியாயிற்று, ஏற்றப்போகிறோம்.
மிஸ் அடுத்த அறையில் குருதி பொருத்திப் பார்க்கிறா.
நான் ஒரு துளியை இழுத்து, காயவைத்து, சாயமிட்டு
நுணுக்குக்காட்டிக்குள் குனிந்தேன்.

வழக்கமாகப் பார்க்கிற நடுவில் ஒன்றுமில்லை.
ஓரத்தில், பூச்சு முடிகிற இறகுமுனையில்,
கும்பல் கும்பலாக நின்றார்கள்,
மழைக்குக் கடைவாசலில் ஒதுங்கியவர்களைப்போல
ஒருவர் தோளில் ஒருவர்.
கும்பலைக் கண்ட இயந்திரம்
ஓர் ஆள் என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறது.
இந்த ஊரில் அது புதிய பிழையல்ல என்று
ஏனோ நினைத்தேன். பிறகு போனை எடுத்தேன்.

"திரும்பவும் குத்தச் சொல்றீங்களா?
நீங்க ட்ரெயினிதானே?"
"ஓம். நீல மூடியில் தாங்கோ."
குரல் நடுங்கியது. குழாய் வந்தது.
ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரம்.
நீல மூடித் திரவத்துக்காக
ஒன்று தசம் ஒன்றால் பெருக்கினேன்,
கல்குலேட்டரில், பிறகு தாளில், பிறகு விரலில்.
இரண்டு லட்சத்துக்கு மேல்.
குறை மனிதனில் இல்லை, குழாயில்.

மிஸ் வந்து பார்த்தா.
நெடுநேரம் பார்த்தா.
கதிரையை இழுக்கவில்லை.
கையெழுத்து அவவுடையது.
மூலையில் பென்சிலால் என் முதலெழுத்து,
அழித்தால் போகிற அளவுக்கு.

விடிய, கன்டீனில்
புறங்கையில் பிளாஸ்டர் ஒட்டிய ஒருவர்
பணிஸைத் தேநீரில் தோய்த்துச் சாப்பிட்டார்.
நாற்பது இருக்கும். அவரோ, இல்லையோ.
கேட்கக்கூடாது, படிப்பித்திருக்கிறார்கள்.
பணிஸ் பாதி உடைந்து கோப்பைக்குள் விழுந்தது.
கரண்டி தேடினார். என்னுடையதைக் கொடுத்தேன்.

பஸ் நிலையத்துப் பக்கம் மான்கள்
நனைந்து, ஒன்றையொன்று ஒட்டி நின்றன.
கண் தானாகவே பிரித்தது.
கொம்பு உடைந்தது ஒன்று. குட்டி இரண்டு.
பின்னால் காது மட்டும் தெரிகிறதையும் சேர்த்து
ஒன்பது எண்ணியபோது
நிலாவெளி பஸ் வந்துவிட்டது.