ஒன்பது புள்ளி இரண்டு

செவ்வாய்க்கிழமைகளில் நான் மண்ணுக்கு எதிராகப் பேசுகிறேன்.
ம்பிட்டா துறையில், ஏரிக்கரைச் சுகாதார நிலையத்தில்
பதினேழு பிளாஸ்டிக் நாற்காலிகள்,
முப்பது வயிறுகள்.
இடம் கிடைக்காதவர்கள் சுவரில் சாய்ந்து நிற்கிறார்கள்
காற்று வரும் பக்கமாக.

சுவரொட்டியில் ஒருத்தி
ஆரஞ்சுப் பழத்தைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள்.
அவளுக்குக் குமட்டியதே இல்லை போலிருக்கிறது.

ஒடோவா வேண்டாம் என்கிறேன்.
சந்தையில் குவித்து விற்கும் அந்தச் சாம்பல் கட்டி
நீங்கள் விழுங்கும் இரும்பையெல்லாம்
குடலிலேயே மறித்து நிறுத்தும்,
பிள்ளையின் கண்ணில் காட்டாமல் வெளியே அனுப்பும்.
மாத்திரைக்குத் தேநீர் ஆகாது, கொய்யா ஆகும்.
ஒசுகாக் கீரை கசந்தால் பாலூற்றி ஆற்றுங்கள்.
ஒமேனா மீனைத் தலையோடு தின்னுங்கள், முள்ளோடு:
விரல் நீளம்கூட இல்லாத அதற்குள்ளேதான்
உங்கள் பிள்ளையின் முதுகெலும்பு
நீந்திக்கொண்டிருக்கிறது.

ஃபோலிக் மாத்திரைக்கு மட்டும்
மூன்று மாதம் முன்னாலேயே வந்திருக்க வேண்டும் என்கிறேன்.
"அப்போது நான் கர்ப்பமே இல்லையே, சிஸ்டர்."
அறை முழுக்கச் சிரிப்பு.
நானும் சிரித்தேன். என்ன செய்ய,
வீடு கட்டத் தொடங்கிய பிறகுதான்
அஸ்திவாரத்தைப் பற்றிப் பேச வருகிறேன் நான்.

கடைசி நாற்காலியில் மிலிசென்ட் அவினோ. நான்காவது பிள்ளை.
கையுயர்த்திக் கேட்டாள்:
"ஒமேனா ஒரு டப்பா ஐம்பது ஷில்லிங்.
ஒடோவா பத்துக்கு மூன்று கட்டி.
இருபது இருக்கும் நாளில் நான் எதைத் தின்ன?"

பதிவேட்டைப் புரட்டினேன்.
அதில் அதற்கான கட்டம் இல்லை.

*

யாருக்கும் தெரியாது, எனக்குப் பன்னிரண்டு வாரம்.

சோறு பார்த்தால் புரட்டுகிறது, மீன் வாடை ஆகவில்லை,
வறண்ட தரையில் முதல் தூறல் விழும் அந்த வாசம் மட்டும்
நாவில் ஊறிக்கொண்டே இருக்கிறது.
தடுப்பூசிப் பதிவேட்டுக்கு அடியில்,
இழுப்பறையின் மூலையில்,
கைக்குட்டையில் சுற்றி நான்கு கட்டி.
கதவைத் தாழிட்டுக் கடிப்பேன்.
பல்லில் நறநறவென்று உடைந்து
மழையாகக் கரையும்.

ஊருக்குத்தான் உபதேசம்.

ஆய்வகத்தில் ஒகுண்டு என் விரலைக் குத்தினான்.
துளியை இயந்திரம் யோசித்தது.
ஒன்பது புள்ளி இரண்டு.
மற்றவளாக இருந்தால் திட்டியிருப்பேன்.
அவன் என் மேலுதட்டைப் பார்த்தான்:
"என்ன அது, வெள்ளையாக?"
"சாக்பீஸ்" என்றேன்.
இந்தக் கட்டடத்தில் கரும்பலகையே இல்லை.

*

சனிக்கிழமை.
தெரிந்த முகம் இருக்காது என்று
பஸ் பிடித்து ஹோமா பே சந்தைக்குப் போனேன்.
மண் விற்பவள் முன்னால் குனிந்தேன்.
பக்கத்தில் இன்னொரு கை,
நான் எடுக்க நினைத்த கட்டியின் மேலேயே.

மிலிசென்ட்.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.
வயிற்றைப் பார்த்தாள். நிதானமாக, ஒரு செவிலியைப் போல.
பிறகு விற்பவளிடம்:
"இவள் என் தங்கை. பத்துக்கு நான்காகக் கொடு."

எட்டுக் கட்டி. ஆளுக்கு நான்கு.
பேசாமல் மீன் வரிசைப் பக்கம் நடந்தோம்.
தார்ப்பாயில் ஒமேனா வெள்ளியாய்க் காய்ந்துகொண்டிருந்தது.
மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.
ஒரு டப்பா. என்னிடம் முப்பது, அவளிடம் இருபது.
செய்தித்தாளில் பாதி பாதியாகக் கொட்டி மடித்தாள்.

"தலையோடு, சிஸ்டர்" என்றாள்.
"முள்ளோடு" என்றேன்.

திரும்பும் பஸ்ஸில் மடியில் இரண்டு பொட்டலம்.
ஒன்று வாடையடித்தது.
இன்னொன்று மழைக்கு அழைத்தது.
துறை வரும்வரை இரண்டின் மேலும்
ஒவ்வொரு கை வைத்திருந்தேன்.

நாளை மறுநாள் மறுநாள் செவ்வாய்.
மிலிசென்ட் கையுயர்த்துவாள்.