ஒரு கை நுழையும் அளவு

கொருக்குப்பேட்டை கேட்டுக்கு இந்தப் பக்கம்
மரகதம் தியேட்டர்.
பலகையில் முதல் எழுத்து எரியாது,
அதனால் ராத்திரியில் நாங்கள் ரகதம்.
'ரகதத்துல இன்னா படம்?'
பகலிலும் அப்படித்தான் கேட்கிறார்கள்.

என் இடம் கம்பிவலைக்குப் பின்னால்.
ஒரு கை நுழையும் அளவுக்கு ஓட்டை.
ஸ்கேன் அட்டை தொங்குகிறது, நெட் வராது.
பதினோரு வருஷமாகக் கைகளுக்குத்தான்
டிக்கெட் கிழித்துக் கொடுக்கிறேன்.

செதில் ஒட்டிய கை காசிமேட்டிலிருந்து நேராக வரும்.
அதன் நோட்டுகளை ஃபேனுக்கடியில் காயப்போட்டு
டார்ச் லைட்டை மேலே வைப்பேன்.
சுண்டுவிரல் இல்லாத கை ஒன்று,
செவ்வாய் மேட்னி.
படம் எதுவென்று கேட்காது,
'நாலாவது ஃபேன்' என்று மட்டும் சொல்லும்.
ஜி-12. கொடுத்துவிடுவேன்.
தூங்கத்தான் வராரு என்றான் டார்ச் அடிக்கும் ஏசுராஜ்.
எழுபது ரூபாய்க்கு மூன்று மணிநேரம்
யாரும் எழுப்பாத இடம்
இந்தப் பக்கம் வேறெங்கே இருக்கிறது, சொல்லுங்கள்.

மருதாணிக் கை இரண்டு டிக்கெட் வாங்கும்.
கூட வருவது பேன்ட் பாக்கெட்டை விட்டுக் கையை எடுக்காது.
முழங்கை மட்டும் தெரியும்.

பத்து நாற்பதுக்கு கூட்ஸ் வண்டி.
திரையே லேசாக நடுங்குமாம்,
வசனம் கேட்காதாம்,
அந்த இடத்துக்குப் பின்வரிசை
சொந்தமாக ஒரு வசனம் வைத்திருக்குமாம்.
எல்லாம் ஏசுராஜ் சொல்லித்தான்.

போன ஐப்பசியில் ஒரு வெள்ளி, செகண்ட் ஷோ,
புதுப்படத்துக்குச் சாவி வரவில்லை.
சாவி என்றால் இப்போது நம்பர்.
எங்கிருந்தோ மெயிலில் வந்தால்தான்
பெட்டி படத்தைத் திறக்கும்.
ஆபரேட்டர் தாவூது மாடிக்கும் கீழுக்கும் ஓடினான்.
முதலாளி போனில் யாரையோ சார் சார் என்றார்.
வெளியே முழங்கால் தண்ணீர்.
உள்ளே இருநூற்றுச் சொச்சம் பேரும்
ஒரு வெள்ளைத்துணியும்.

காசைத் திருப்பிவிடு என்றார்கள்.
ஓட்டை வழியாக மாளாது.
டிராயரை இடுப்பில் அணைத்துக்கொண்டு
ஹாலுக்குள் போனேன்.

ஒருத்தரையும் தெரியவில்லை.
மீசை, முக்காடு, மடியில் தூங்கும் குழந்தை,
பதினோரு வருஷம், ஒருத்தரையும்.
'காசு வாங்கிக்குங்க' என்றேன்.
குரல் எழும்பவில்லை.

அப்புறம் கைகளை நீட்டினார்கள்.

அட, நீங்களா.
செதில் கைக்கு இவ்வளவு சின்ன முகமா,
இருபதுகூட இருக்காது.
மருதாணிக்குப் பக்கத்தில்
பாக்கெட்டிலிருந்து அந்தக் கை வெளியே வந்தது,
வளையல் போட்ட கை.
அதிலும் மருதாணி, அதே பூ.
சில்லறையை எண்ணாமல் கொடுத்தேன்.
ஜி-12 தூங்கிக்கொண்டிருந்தது, வெள்ளிக்கிழமையில்.
மழைக்கு ஒதுங்கியிருக்கும்.
சட்டைப்பையில் எழுபதைச் செருகிவிட்டு நகர்ந்தேன்.

பாதி வரிசை தாண்டியிருப்பேன்,
மேலிருந்து தாவூது கத்தினான்:
'வந்துச்சு!'

கொடுத்ததெல்லாம் இருட்டில் திரும்பி வந்தது,
தோளைத் தட்டி, முதுகில் இடித்து,
'யக்கா, இந்தா'.
கணக்கு அன்றைக்கு நூற்றுநாற்பது இடித்தது.
இன்னொரு எழுபது யாருடையதென்று
இதுவரை தெரியாது.

பெயர் போட்டு முடிந்து
திரையில் முதல் ஆள் வாயைத் திறந்தான்.
பத்து நாற்பது.
காலடியில் தரை அதிர்ந்தது.
பின்வரிசை தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னதை
இங்கே எழுத முடியாது.

டிராயரைப் பிடித்தபடி
கண்ணில் நீர் வரச் சிரித்தேன்.