நாற்பத்து நான்கு

ஞாயிறு ராத்திரிக் காற்றில் சாய்ந்த வேம்பு
கிணற்றுக்குப் போகும் வழியை மறித்துக் கிடந்தது.
அடைக்கலத்துக்கு நாலு தடவை போன் போட்டேன்.
"கண்டனூர் முழுக்க மரம் கிடக்கு பூமயிலு,
உன் முறை வர ஆடி முடிஞ்சுரும்."

கழுத்தில் கிடந்த டேப்பை உருவி
மரத்தைச் சுற்றிப் பிடித்தேன்.
அளவு நோட்டில்
உமையாள் ஆச்சி ரவிக்கைக்கு அடுத்த வரியில் எழுதினேன்:
வேம்பு. சுற்று 44. கை இல்லை.
தேதி: அவசரம்.

காரைக்குடி, செக்காலை ரோட்டில் சாத்தையா கடை.
"யாருக்கும்மா?"
எனக்கு.
"இல்ல, ஓட்டப்போறது யாரு?"

அவர் முதலில் இறக்கியது
இருபத்திரண்டு அங்குலப் பார், ஐம்பத்தெட்டு சிசி.
ஊர் எல்லையில் அய்யனார் கையில் கொடுத்தால் பொருந்தும்.
"பெருசா வாங்கிட்டா எதுக்கும் ஆகும்ல?"
எல்லாருக்கும் ஆகுற மாதிரி தைச்ச ரவிக்கை
யாருக்கும் ஆகாது அண்ணே.
நாற்பத்து நாலை ஏழால் பெருக்கி
இருபத்திரண்டால் வகுத்தால் மரத்தின் குறுக்களவு பதினாலு.
பதினாறு அங்குலம் எடுங்க.
ரெண்டு அங்குலம் மடிப்புக்கு.

வயர் வைத்தது விலை குறைவுதான்.
பிளக்கிலிருந்து மரம் அறுபது அடி,
வயரையே அறுத்துவிட்டு நிற்பேன்.
பேட்டரி நல்ல பிள்ளை, சத்தம் போடாது,
அரை மணி நேரம் உழைக்கும்.
மூன்று நாளாய்க் கரண்ட் வராத தெருவில்
அந்த அரை மணி முடிந்தபின்?
பெட்ரோல்தான்.

தூக்கி இடுப்பு உயரத்தில் பிடித்தேன்.
டூ ஸ்ட்ரோக் ஆயில் எது, செயின் ஆயில் எது,
மாற்றி ஊற்றினால் என்ன ஆகும் என்று
அவர் சொல்லி முடிக்கும்வரை இறக்கவில்லை.
அஞ்சரை கிலோ.
என் தையல் மிஷின் தலை இதைப்போல் இரண்டு,
அதன் எண்ணெய்த் துளை ஒவ்வொன்றும்
இருட்டிலும் என் விரலுக்குத் தெரியும்.

செயினைக் கிள்ளி இழுத்தேன்.
கொஞ்சம் எழும்பி, விட்டதும் பாரோடு ஒட்டிக்கொண்டது.
பாபின் நூலுக்கும் இதே கணக்கு,
தளர்ந்தால் சிக்கும், இறுகினால் அறும்.
பிரேக்கைத் தட்டிக் காட்டச் சொன்னேன்.
டக்.
இன்னொரு தடவை.
டக்.
"முனையால மட்டும் அறுக்காதீக, மூஞ்சிக்கு உதைக்கும்."
மிஷினை விட்டு என்னைப் பார்த்து
அவர் சொன்ன முதல் வாக்கியம் அது.

கண்ணாடி இருந்தது. காதடைப்பு இருந்தது.
காலுக்கு உறை கேட்டேன்,
அது இந்தப் பக்கம் யாரும் கேட்பதில்லையாம்.
மதுரையிலிருந்து வரவழையுங்கள் என்று முன்பணம் வைத்தேன்.
மரம் கிடக்கட்டும். அதற்கு என்ன அவசரம்.
நோட்டில் தேதியை அடித்துத் திருத்தினேன்.

ஆறாம் நாள் வந்த உறை மூன்று அங்குலம் நீளம்.
மடித்துத் தைக்கலாமென்று வைத்தேன்.
ஊசி முறிந்தது.
பெரிய ஊசி போட்டேன். அதுவும்.
அப்போதுதான் அதன்மேல் நம்பிக்கை வந்தது.
நீளமாகவே கட்டிக்கொண்டேன்.

ஆறு இழுப்புக்கு வெறுமனே இருமியது.
ஏழாவதில் ஜெயசீலி வீட்டுக் கோழிகள்
கூரையில் இருந்தன.

செம்மண்மேல் வெளிர்மஞ்சள் தூள்.
உதட்டை நக்கினால் கசப்பு.
கை அதிர்ந்தது, முழங்கை அதிர்ந்தது,
மரம் கடைசி அரை அங்குலத்தில் தானாக
முனகிப் பிரிந்தது.

நிறுத்தியதும் சுவருக்கு மேலே ஜெயசீலியின் தலை.
"எங்க முருங்கைக்கு என்ன கேப்ப?"
ரவிக்கை நூற்றைம்பது.
மரத்துக்கு இன்னும் ரேட் போடலை.

அவள் போனபிறகு
வெட்டிய முகத்தின் குறுக்கே டேப்பை வைத்தேன்.
பதிமூன்றே முக்கால்.

கால் அங்குலம்
தையலில் போயிருக்கும்.